ஏழாவது மைக்

அண்ணன் கதவை அறைந்துவிட்டுப் போய் ஆறு நாள் ஆகிறது. அன்றிலிருந்து கதவு சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது. "போறவன் கதவையாவது ஒழுங்கா விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்று அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை சொல்கிறாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் உள்ள லிஃப்ட் கதவையெல்லாம் சரி செய்கிறவர், இந்த ஒரு கதவை மட்டும் தொடாமல் நாளில் பத்துத் தடவை தோளால் தள்ளிக்கொண்டு போகிறார்.

அண்ணனுக்கு வந்த கோபம் அவன் குரலின் மேலேதான்.

அவனுடைய ராக் குழுவின் பெயர் 'கீழ்த்தளம்'. எங்கள் வீடு என்று அவர்கள் சொல்கிற அதே குடியிருப்பின் அடித்தளத்தில், லிஃப்ட் குழிக்குப் பக்கத்து அறையில் ஒத்திகை பார்க்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். மூன்றே பேர். அவர்கள் ஒரு பழைய காகிதக் கிடங்கில் இருநூறு பேர் முன்னால் வாசித்ததை அவனுடைய தங்கை ஒலிப்பதிவு செய்திருந்தாள். மாலை வகுப்பில் அவள் ஒலிப்பதிவு படிக்கத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, அதையே முதல் ஆல்பமாகப் போடலாம் என்று ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி சொன்னது.

அன்று அரைநாள் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

"என்ன வகைப் பாட்டுன்னு போடுவாங்களாம்?" என்று கேட்டாள் அம்மா.

"ஆல்டர்நேட்டிவ் ராக்."

"அப்படின்னா?"

"வழக்கமா இருக்கிற மாதிரி இல்லாததும்மா."

"அதான் நம்ம வீட்டுலயே ரெண்டு இருக்கே" என்றாள் அம்மா, அண்ணனையும் தங்கையையும் பார்த்து.

அதன் பிறகுதான் அண்ணன் ஆறாவது பாட்டைக் கேட்டான். பாட்டின் பாதியில் கரண்ட் போய்விட்டது. கிடார் செத்தது, ஸ்பீக்கர் செத்தது. ட்ரம்ஸ் மட்டும் ஓட, அண்ணன் மைக்கை விட்டு மேடை விளிம்புக்கு வந்து தொண்டை கிழியக் கத்திப் பாடினான். நாற்பத்தேழு நொடி. நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. சரியாகப் பல்லவி தொடங்கும் இடத்தில் கரண்ட் திரும்ப வந்தது. எல்லாம் அப்படியே பதிவாகியிருந்தது.

"இதை வெளிய விட்டா நான் தெருவுல தலை காட்ட முடியாது, நோட்டு" என்றான். எதையும் நோட்டில் எழுதுகிறவள் என்பதால் தங்கைக்கு அவன் வைத்த பெயர் அது. பிறகு கதவை அறைந்தான். ட்ரம்ஸ்காரன் வீட்டில் போய்த் தங்கிவிட்டான்.

இன்று சனிக்கிழமை. மாலை நாலு மணிக்கு ஸ்டுடியோவில் அவன் மறுபடி பாடப் போகிறான். ஆறாவதை மட்டும் மறுபடி பாடினால் மற்ற எட்டோடு ஒட்டாது, அதனால் ஒன்பதையும் பாடிவிடலாம் என்று கம்பெனி மேடம் ஃபோனில் சொன்னாள். தங்கை தன் பதிவுகளை ஒரு டிஸ்கில் போட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

"உங்க பதிவுல இருந்து கைதட்டல் எடுத்துக்கிறோம். அது ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள் மேடம், அன்பாகத்தான்.

ஆக, அவள் செய்த முதல் வேலையில் கைதட்டல் மட்டும் மிஞ்சும்.

காலை ஒன்பது மணிக்கே அவள் சாப்பாட்டு மேசையில் ஹெட்ஃபோனும் நோட்டுமாக உட்கார்ந்துவிட்டாள். வாரநாட்களில் பகலில் அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களில் லேபிள் ஒட்ட வேண்டும். ஒரு லேபிள் மாறினால் ஒருவர் நோய் இன்னொருவர் தலையில் விழும். அந்தப் பயத்தில் வந்ததுதான் இந்த நோட்டுப் பழக்கம். எந்த மைக் எங்கே, எத்தனை அடி உயரம், யார் பக்கம் பார்த்து, எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'தவறுகள்' என்று ஒரு பட்டியலும் இருந்தது.

"எத்தனை ஆச்சு?" என்றாள் அம்மா. அவள் பஸ் பாஸ் கவுண்டரில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை விடுமுறை.

"முப்பத்தொண்ணு."

"நல்லா வந்ததை எந்த நோட்டுல எழுதியிருக்க?"

"அதுக்கு இன்னும் நோட்டு வாங்கலம்மா."

அம்மா ஒரு தட்டில் முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டு, அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

தங்கைக்கு அந்தப் பதிவு பிடித்திருந்தது. அதுதான் அவளுக்குச் சிக்கல். ஆறாவது பாட்டு ஒவ்வொரு தடவையும் அவள் முதுகைச் சிலிர்க்க வைத்தது. ஆனால் நன்றாக இருப்பதால் பிடிக்கிறதா, தான் செய்ததால் பிடிக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. 'எனக்குப் பிடித்திருப்பது ஒரு காரணம் ஆகாது' என்று புதன்கிழமைப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள். அதனால்தான் அண்ணனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

கம்பெனிக்கு அவள் முதலில் அனுப்பியது மேடை மைக்குகளை மட்டும் சேர்த்தது; கைதட்டலும் அவற்றிலேயே விழுந்திருந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மைக்கையும் தனியாகக் கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். ஒன்று, அண்ணன் குரல். இரண்டு, கிடார். அப்படியே போய் ஏழாவதுக்கு வந்தாள். அது கூட்டத்தின் சத்தத்துக்கான மைக். நடுக் கூடத்தில் உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டதாக நோட்டில் இருந்தது. பக்கத்தில் டிக்கும் இருந்தது.

கேட்கத் தொடங்கியதும் நெற்றியைச் சுருக்கினாள். கூட்டம் எங்கோ தூரத்தில் இருந்தது. பக்கத்தில் ஏதோ 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

பத்து நிமிடம் கழித்து அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் முகம் வெளுத்தது.

அன்று கிடங்கில் உத்திரத்துக்கு ஏணி வேண்டியிருந்தது. ஏணி எடுக்கப் போகும் முன் ஏழாவது மைக்கை மேடைக்குப் பின்னால், மெயின் சுவிட்ச் போர்டு பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள், கூட்டம் வந்துவிட்டது. மைக் ஆணியிலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் டிக்? அவளுடைய ரகசியப் பழக்கம் அது. பயமான வேலையாக இருந்தால் முதலில் டிக் போட்டுவிடுவாள். போட்ட டிக்கைப் பொய்யாக்கக் கூடாது என்ற வெட்கத்திலேயே வேலை நடந்துவிடும். ஏணி என்றால் அவளுக்குப் பயம்.

'32. ஏழாவது மைக் தொங்கவே இல்லை. தொங்கியதாக எழுதியிருக்கிறேன்' என்று எழுதினாள்.

ஆறாவது பாட்டு வந்தது. பாதியில் பட்டென்று ஒரு சத்தம். இரைச்சல் நின்றது. ட்ரம்ஸ் தூரத்தில் கேட்டது. பின்கதவு திறந்தது, யாரோ வேகமாக நடந்து வந்தார்கள்.

"தள்ளுங்க. டார்ச்சை இப்படிப் பிடிங்க."

அவள் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

ஒரு தடவை கேட்டாள். திரும்ப ஒரு தடவை கேட்டாள். பிறகு எழுந்து போய், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

அம்மா கையில் கரண்டியோடு நாற்பத்தேழு நொடியும் நின்றாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள். கரண்டியை வைத்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல ஒரு கர்ப்பிணி மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லிட்டுத்தானே கிளம்பினாரு?"

"ஆமா."

"நான் அந்தம்மா நல்லபடியா பெத்துப் பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்." சற்று யோசித்தாள். "வரட்டும்."

அப்பா பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்தார். கதவைத் தோளால் தள்ளினார். சோப்புத்தூள் போட்டுக் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவினார். மேசையில் உட்கார்ந்தார்.

"ஏங்க, அன்னைக்கு லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாங்களே ஒரு கர்ப்பிணி, என்ன குழந்தை அவங்களுக்கு?"

"யாருக்கு?" அப்பா தட்டைப் பார்த்தார். "ஓ, அவங்களா. பொண்ணு."

"போன தடவை கேட்டப்ப பையன்னீங்க."

"ரெட்டை."

"லிஃப்ட் மாட்டலைங்க. இப்ப மாட்டினது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அம்மா மகளுக்குக் கண் காட்டினாள். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

'தள்ளுங்க. டார்ச்சை இப்படிப் பிடிங்க. எந்தப் பய இத்தனையும் ஒரே லைன்ல மாட்டினது? லோடு தாங்காம ட்ரிப் ஆயிருக்கு. லைட்டை மட்டும் வேற லைனுக்கு மாத்துறேன், இருங்க.'

'உங்களுக்குத் தெரிஞ்ச பசங்களா?' இது கிடங்கு வாட்ச்மேன்.

'பாடுறது என் பையன். கரண்ட் போயும் நிறுத்தலை பாருங்க. அந்த மூலையில மெஷின் வச்சுக்கிட்டு இருக்கிறது என் பொண்ணு. அவளுது மட்டும் ஓடுது பாருங்க, பேட்டரி போட்டிருக்கா. இந்தக் கூட்டத்துலயே யோசிச்சு வந்த ஆளு அவ ஒருத்திதான்.'

'ரெடியா? போட்டுரவா?'

'கைய எடுங்க! இப்பப் போடாதீங்க. அவன் இந்த வரியை முடிக்கட்டும். பல்லவி வருது. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு.'

நாலு முடிவதற்குள் டொக் என்று சுவிட்ச். அடுத்த கணம் கிடார் மொத்தக் கிடங்கையும் தூக்கியது. இருநூறு பேரும் அலறினார்கள்.

'நான் வந்தேன்னு பசங்களுக்குத் தெரிய வேணாம்' என்றது குரல். பின்கதவு சாத்திக்கொண்டது.

அப்பாவின் ரொட்டி பாதி வழியில் நின்றிருந்தது.

அந்தக் கரண்ட்டைப் பற்றி ஐந்து வாரமாகக் குழுவில் ஒரு கதையே ஓடிக்கொண்டிருந்தது. சரியாகப் பல்லவியில் வந்ததே, அது அதிர்ஷ்டம் என்றான் அண்ணன். அன்று அவன் வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னான். அந்த மனிதரும் ஒரு வார்த்தை பேசாமல் அணைப்பை வாங்கிக்கொண்டார்.

"அழிச்சிடும்மா" என்றார் அப்பா.

"அப்பா..."

"அவன் பாட்டுல என் குரல் எதுக்கு? அழிச்சிடு."

அவருக்கும் அண்ணனுக்கும் நேர்ப்பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா சேர்த்துவிட்ட லிஃப்ட் வேலையை அண்ணன் மூன்றே மாதத்தில் விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தான். மாலையில் பாட வசதி என்றான். 'கத்துறதுக்கு வசதியா?' என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அதன் பிறகு ஒரே அறையில் இருந்தாலும் எல்லாம் தங்கை வழியாகத்தான். 'உங்க அண்ணன்கிட்ட ஃபேனை நிறுத்தச் சொல்லு.' 'உங்கப்பாகிட்ட எனக்குப் புழுங்குதுன்னு சொல்லு.'

"இதை அழிக்கவே தேவையில்லைப்பா. எல்லாமே போகப்போகுது" என்றாள் மகள். நாலு மணி ஸ்டுடியோவைப் பற்றிச் சொன்னாள். கைதட்டல் மட்டும் மிஞ்சும் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றாள். முடியவில்லை.

"எதைத் திருப்பிப் பாடப் போறான்? அந்த ஆறாவதையா?"

"அதைத்தான் முதல்ல. குரல் உடைஞ்சு போச்சாம்."

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார்.

"நான் பின்கதவுகிட்ட நின்னிருந்தேன். கரண்ட் போனதும் எல்லாரும் சிரிச்சுட்டுக் கிளம்பிடுவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தன் நகரலை." கையை ஒருமுறை துடைத்துக்கொண்டார். "லிஃப்ட் பாதியில நின்னா உள்ள இருக்கிறவன் முதல்ல கத்துவான். கொஞ்ச நேரத்துல அடங்கிடுவான். அடங்கிட்டான்னா பயந்துட்டான்னு அர்த்தம். இவன் அடங்கவே இல்லம்மா. கடைசிச் சுவர் வரைக்கும் கேட்டுச்சு. அது உடைஞ்ச குரலா?"

"இதை அவன்கிட்ட சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

"நானா?"

"இல்ல, அந்தக் கர்ப்பிணி."

அப்பா எழுந்தார். மதியத்துக்கு மேல் வரமாட்டேன் என்று வேலையிடத்துக்கு ஃபோன் செய்தார். பிறகு டூல் பேக்கைத் தோளில் மாட்டினார்.

"அது எதுக்குங்க?"

"கையில ஒண்ணும் இல்லாம எப்படிப் போறது" என்றார் அப்பா.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டிஸ்க் அவள் மடியில் இருந்தது, டூல் பேக் அவர் மடியில். பத்து நிறுத்தம் வரை அப்பா ஜன்னலைப் பார்த்து உதட்டை அசைத்து எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பதினோராவதில், "நீ அதைப் போட்டுக் காட்டக் கூடாது. நானே வாயால சொல்லிக்கிறேன்" என்றார்.

"சரிப்பா."

"சத்தியமா?"

அவள் சத்தியம் செய்யவில்லை. இன்னும் செய்யாத காரியத்துக்கு உறுதி கொடுத்து என்ன ஆயிற்று என்று காலையில்தான் பார்த்திருந்தாள்.

ஸ்டுடியோ ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உள்ளே பஞ்சு ஒட்டிய சுவர்கள், ரப்பர் வாடை. அண்ணன் ஒரு குவளை வெந்நீரை வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான். ட்ரம்ஸ்காரன், பல் செட் கட்டுகிறவன் என்பதால் 'பல்லு', குச்சிகளைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். பாஸ் கிடார் வாசிக்கிற 'கோட்டான்' மூலையில் இருந்தான். வாரத்துக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டான். கம்பெனி மேடம் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்குப் பின்னால் டூல் பேக்கோடு நுழைந்த ஆளைப் பார்த்து மேடம், "ஏசி ரிப்பேருக்கா? அந்த ரூம்" என்றாள்.

"அது எங்கப்பா" என்றாள் தங்கை.

பல்லு தட்டுவதை நிறுத்தினான். அண்ணன் குவளையைக் கீழே வைத்தான். அப்பா பஞ்சுச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, திருப்பிப் பாட வேணாம்னு."

"அண்ணா, திருப்பிப் பாட வேணாமாம்."

"ஏன்னு கேளு."

"ஏன்னு கேக்குறான்ப்பா."

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."

"கேக்காமலே நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்னு கேளு. நான் கத்துறதையெல்லாம் கேக்க அவருக்கு ஏது நேரம்னு கேளு."

மேடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவின் காது சிவந்தது. பஸ்ஸில் பத்து நிறுத்தமாகச் சேர்த்துவைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. டூல் பேக்கின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தார்.

தங்கைக்கு அந்தப் பார்வை தெரியும். போய்விடுவார். இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை நாள் கம்பி மாதிரி இருந்திருக்கிறோம், இரு பக்கமும் இழுத்தாயிற்று, இன்றைக்கு அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று தோன்றியது அவளுக்கு. டிஸ்க்கைச் செருகினாள்.

"மேடம், கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தப்பை ஒத்துக்கணும். ஏழாவது மைக்கை நான் தப்பான இடத்துல விட்டுட்டேன். அது சுவிட்ச் போர்டு பக்கத்துல இருந்துச்சு. அதுல என்ன விழுந்திருக்குன்னு நீங்க எல்லாரும் கேக்கணும்."

"ஏய்" என்றார் அப்பா.

அவள் அழுத்தினாள்.

ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கர்களில் எல்லாம் இன்னும் கிட்டத்தில் கேட்டது. வாட்ச்மேனின் மூச்சு. டார்ச்சின் கிளிக். 'எந்தப் பய இத்தனையும் ஒரே லைன்ல மாட்டினது?' என்ற இடத்தில் கோட்டான் தலையைக் குனிந்தான். மாட்டியது அவன்தான். 'பாடுறது என் பையன்' என்றபோது அண்ணன் பஞ்சுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். 'அவ ஒருத்திதான்' என்ற இடத்தில் மேடம் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு தங்கையை முதல் தடவை பார்ப்பது போல் பார்த்தாள்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

கிடார் எழுந்து, பாட்டு முடிந்து, கூட்டம் அடங்கும் வரை யாரும் அசையவில்லை.

அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான். குரல் கரகரத்தது. வெந்நீர் ஒன்றும் வேலை செய்யவில்லை போலிருக்கிறது.

"நாலுன்னு சொல்றதுக்குள்ள போட்டுட்டீங்க. மூணே முக்கால்ல போட்டிருக்கீங்க."

"பழைய சுவிட்ச்" என்றார் அப்பா. "கொஞ்சம் முன்னாடியே அழுத்தினாத்தான் சரியா விழும். இல்லேன்னா உனக்குப் பிந்திப் போயிருக்கும்."

"நான் அதிர்ஷ்டம்னு நினைச்சேன்."

"எண்ணிப் போட்டேன்டா."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நடுவில் யாரும் இல்லாமல் நாலு வாக்கியம் போய்த் திரும்பியிருந்தது. தங்கை சத்தமில்லாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

மேடம்தான் கேட்டாள். "அப்ப இன்னைக்கு ரெக்கார்டிங்?"

அண்ணன் திரும்பினான். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அது அஞ்சு வாரம் முன்னாடியே ஆயிடுச்சு மேடம். என் தங்கச்சி பண்ணிட்டா."

"குரல் உடையற இடம்?"

"உடைஞ்சபடியே இருக்கட்டும்."

"எட்டுப் பாட்டோட நிறுத்திடலாமா, ஆறாவதை எடுத்துட்டு..."

"மேடம்" என்றான் கோட்டான். அந்த வாரத்து வாக்கியம் அது என்று எல்லோருக்கும் தெரிந்ததால் எல்லோரும் திரும்பினார்கள். "ஆறாவது இல்லேன்னா நானும் இல்ல."

மேடம் சிரித்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறாவது பாட்டில் ஏழாவது மைக்கை எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டாள். உத்தரவாக இல்லை, கேள்வியாகவே கேட்டாள். தங்கை நோட்டைத் திறந்தாள். 'தவறுகள்' பட்டியலில் முப்பத்திரண்டாவதை அடித்துவிடலாமா என்று ஒரு கணம் பேனாவை வைத்தாள். அடிக்கவில்லை. தவறு தவறுதான். ஆனால் பக்கத்தில் சின்னதாக 'வைத்துக்கொள்ளவும்' என்று எழுதினாள்.

"என் பேச்சையெல்லாம் கம்மி பண்ணிடும்மா. சுவிட்ச் சத்தம் மட்டும் போதும்" என்றார் அப்பா.

"எண்ணுறது இருக்கணும்" என்றான் அண்ணன்.

"அப்ப அந்த 'எந்தப் பய'யை மட்டுமாவது எடு. கேக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"வீட்டுல கேக்காததா?"

அட்டையின் பின்பக்கத்துக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்று மேடம் எழுதத் தொடங்கினாள். பாட்டு, கிடார். ட்ரம்ஸ். பாஸ். 'ஒலிப்பதிவு' என்று எழுதித் தங்கையின் முழுப்பெயரைக் கேட்டாள். தங்கை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். தன் பெயர் அத்தனை நீளம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். மேடம் எழுதி முடிக்கும் வரை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். சின்ன வயதில் அவளுடைய மதிப்பெண் அட்டையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"உங்களுக்கு என்னன்னு போடட்டும்? லிஃப்ட் மெக்கானிக்?"

"லிஃப்ட் வேற, கரண்ட் வேற. 'மின்சாரம்'னு போடுங்க" என்றார் அப்பா.

பல்லுவுக்கு ஒன்று மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. "அங்கிள், அந்தப் பாட்டை நாங்க அதுக்கு முன்னாடி எங்கேயும் வாசிச்சதில்லையே. பல்லவி எப்ப வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா டூல் பேக்கைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க ஒத்திகை பாக்குறது லிஃப்ட் குழிக்குப் பக்கத்துல. மொட்டை மாடியில மெஷின் ரூம் இருக்கு. நடுவுல ஆறு மாடிக்கு வெறும் ஓட்டை. அந்தக் குழாய் வழியா ஒரு எழுத்து விடாம மேல வரும்."

"எத்தனை நாளா?" என்றாள் தங்கை.

"உங்க அம்மா நான் மெஷினுக்கு எண்ணெய் போடப் போறதா நினைச்சுக்கிட்டு இருக்கா." சற்றுச் சிரித்தார். "இந்த ஊர்லயே அவ்வளவு எண்ணெய் குடிச்ச லிஃப்ட் அதுவாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர. அவன் முகம் மெல்ல மாறுவதைத் தங்கை பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு எழுத்து விடாமல் என்றால், எல்லாப் பாட்டும்.

"ஆனா ஒண்ணுடா" என்றார் அப்பா. "லிஃப்ட்டுக்காரன் பாட்டு ஒண்ணு பாடிப் பாத்தீங்களே. அதை ஏன் அன்னைக்குக் கிடங்குல பாடலை?"

பல்லு கூரையைப் பார்த்தான். கோட்டான் தன் கிடாரைப் பார்த்தான். அந்தப் பாட்டு அண்ணன் அப்பா மேல் இருந்த கோபத்தில் எழுதியது. இரண்டே தடவை பாடிவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கியது. அதில் ஒரு வரி உண்டு: 'ஊரையெல்லாம் மேலே ஏத்திவிட்டான், தான் மட்டும் கீழேயே நின்னுட்டான்.'

"அப்பா, அது நான் சும்மா..."

"நல்ல பாட்டுடா. அடுத்த தட்டுல போடு. எனக்கு வருத்தம் இல்லை." அப்பாவின் குரலில் உண்மையிலேயே வருத்தம் இல்லை. "ஆனா அந்த ஒரு வரி மட்டும் சரியில்லை. நான் கீழேயே நிக்கலை. ஒரு தடவை மேல போனேன், உன் வயசுல. அன்னைக்கு நீ நின்ன மாதிரி ஒரு மேடையிலதான் நின்னேன். ஏன் இறங்கி வந்தேன்னு உங்க அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

சொல்லிவிட்டு, "வரேன்மா, அந்தக் கதவு ஒண்ணு பாக்கி கிடக்கு. நீயும் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுடா" என்று படி இறங்கிப் போய்விட்டார். டூல் பேக்குக்குள் ஸ்பானர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டது.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா, நோட்டு?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். நோட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பினாள். மேலே தேதி போட்டாள். 'அம்மாவிடம் கேட்க வேண்டும்' என்று எழுதினாள். பயமாக இருந்தது. பழக்க தோஷத்தில் பேனா தானாகப் பக்கத்தில் டிக் போடப் போனது.

பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.